கேசட்டை ஊதினால் கேம் ஓடியதே, ஊதியதாலா? அந்தத் துப்பாக்கி இப்போது ஏன் சுடுவதில்லை?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. சின்ன வயதில் வீடியோ கேம் கேசட் ஓடாவிட்டால் கழற்றி, வாயால் ஒரு ஊது ஊதித் திரும்பச் செருகுவோம், ஓடிவிடும். உண்மையில் ஊதியதால்தான் ஓடியதா என்பது முதல் பாதி. அதே பழைய செட்டை இப்போது எல்இடி டிவியில் மாட்டினால் மரியோ ஓடுகிறது, வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் எவ்வளவு நேராகக் குறி வைத்தாலும் சுடவில்லை, துப்பாக்கி கெட்டுப்போய்விட்டதா என்பது இரண்டாம் பாதி.

முதலில் நேரடிப் பதில். ஓட வைத்தது உங்கள் கை, மூச்சு அல்ல. துப்பாக்கி கெடவில்லை, டிவிதான் மாறிவிட்டது. இரண்டுக்கும் காரணம் சொல்ல கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல், எலக்ட்ரானிக் போர்டு சர்வீஸ் செய்பவன். வீடு சோமனூர் பக்கம். எங்கள் வீட்டின் பாதி தறிக் குடோன், மீதிப் பாதியில்தான் நாங்கள் குடியிருந்தோம், அதனால் எங்கள் டிவி, மிக்ஸி, சாமி படம் எல்லாவற்றின் மேலும் ஒரு மெல்லிய பஞ்சுப் படலம் எப்போதும் இருக்கும். துடைத்து முடித்துக் கையைக் கழுவி வருவதற்குள் மறுபடி படிந்திருக்கும். தொண்ணூறுகளில் மாமா கோயமுத்தூரிலிருந்து ஒரு வீடியோ கேம் செட் வாங்கி வந்தார். இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, ஒரு மஞ்சள் கேசட். கொடைக்கானல் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த ஆண்டெனாவின் ஒயரை டிவியிலிருந்து பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகி, சேனல் திருகி உட்காருவோம். கேசட்டின் மேல் ஒட்டிய காகிதத்தில் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே உண்மையில் இருந்தவை ஒரு கைவிரல் எண்ணிக்கை கேம்கள்தான். அதையே வேறு வேறு லெவலில் தொடங்கும்படி, உயிர் எண்ணிக்கையை மாற்றி, பெயரையும் கொஞ்சம் திருத்தி, பட்டியலில் திரும்பத் திரும்ப நிரப்பியிருப்பார்கள். அப்போது அது தெரியாது. 400-வது பக்கத்தில் புதிதாக ஏதோ இருக்கும் என்று நம்பி பட்டனை அழுத்திக்கொண்டே போன மாலைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

சரி, கேசட்டுக்கு வருவோம். பெயர்தான் கேசட், உள்ளே டேப் கிடையாது. ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதன் மேல் கேம் எழுதிய ரோம் சிப், அதாவது படிக்க மட்டுமே முடிகிற நினைவகம். மலிவான கேசட்டுகளில் சிப் கூட முழு உருவில் இருக்காது, போர்டின் மேலேயே ஒட்டி அதன் மீது கருப்புப் பசையை வட்டப் பொட்டாக ஊற்றியிருப்பார்கள். போர்டின் கீழ் விளிம்பில் உலோகப் பட்டைகள், சீப்புப் பல் மாதிரி வரிசையாக, முன்பக்கம் 30 பின்பக்கம் 30. நம் ஊருக்கு வந்த செட்டுகள் 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற செட்டின் நகல்கள், அதன் கேசட்டுக்கு இந்த 60 பின் கணக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது, கேம் முதலில் செட்டுக்குள் ஏறி அப்புறம் ஓடுவதில்லை. பென்டிரைவிலிருந்து காப்பி எடுப்பது போல நினைத்துவிடக் கூடாது. செட்டின் சொந்த நினைவகம் வெறும் 2 கிலோபைட், அதில் எதையும் கொண்டுவந்து வைக்க இடமில்லை. வினாடிக்கு 17 லட்சத்துக்கும் மேல் துடிக்கிற ஒரு செயலி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு கட்டளையையும் அந்த உலோகப் பட்டைகள் வழியாகக் கேசட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. விளையாடும் நேரம் முழுக்க இந்தப் போக்குவரத்து நிற்பதே இல்லை. ஒரு கட்டளை என்பது எட்டு ஒயர்களில் ஒரே சமயத்தில் வரும் ஓர் எண். 165 என்று வந்தால் ஒரு நினைவக இடத்திலிருக்கும் மதிப்பை ஏ என்ற பதிவகத்துக்கு (செயலி கைவசம் வைத்திருக்கும் சின்ன நினைவிடம்) கொண்டுவா என்று பொருள். எட்டில் கடைசி ஒயர் சரியாகத் தொடாமல் அது 164 ஆகப் படிக்கப்பட்டால், வேறொரு பதிவகத்துக்குக் கொண்டுவா என்று பொருளாகிவிடும். செயலி தப்பு என்று கத்தாது. கொடுத்ததைச் செய்துகொண்டே போகும், நாலு கட்டளைக்குள் எங்கேயோ தொலைந்துபோய்விடும். திரையில் வெறும் சாம்பல் நிறமோ ஏதாவது ஒற்றை நிறமோ நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு விதமாகவும் கெடும், அது உங்களுக்கும் நினைவிருக்கலாம். பாட்டு அச்சுப் பிசகாமல் ஓடும், ஜாய்ஸ்டிக் அழுத்தினால் குதிக்கிற சத்தம் கூட வரும், ஆனால் திரையில் மரியோவுக்குப் பதில் எழுத்தும் கட்டமும் கோடும் கலந்து கிடக்கும். இது ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. காரணம் எளிது. அந்த 60 பின்னில் செயலிக்கு ஒரு கூட்டம், படம் வரையும் சிப்புக்குத் தனியாக இன்னொரு கூட்டம். செயலிப் பக்கம் எல்லாம் நன்றாகத் தொட்டு, படப் பக்கத்தில் ஒன்று தொடவில்லை என்றால் கேம் உள்ளுக்குள் சரியாகவே ஓடுகிறது, வரைவதற்கான அச்சுகள்தான் தப்பாக வருகின்றன. படம் மட்டும் கெட்டு சத்தம் ஒழுங்காக வந்தால் எந்தப் பக்கப் பட்டைகளைத் தேய்க்க வேண்டும் என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அந்த வயதில் தெரிந்திருந்தால் எத்தனை அடி மிச்சமாகியிருக்கும்.

ஏன் தொடாமல் போகிறது? உலோகத்தின் மேல் காற்று பட்டுப் பட்டு ஒரு படலம் கட்டும், கை எண்ணெய் ஏறும், தூசு ஒட்டும். என் வேலையில் தினமும் பார்க்கிற விஷயம் இது, ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் கான்டாக்ட் கருத்துப்போயிருந்தாலும் பல நேரம் மோட்டார் எடுத்துவிடும், ஏனென்றால் அங்கே பாய்வது 415 வோல்ட், படலத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும். கேசட்டில் இருப்பது 5 வோல்ட், அதிலும் மிகச் சின்ன மின்னோட்டம். கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் படலத்தைக் கூட அதால் தாண்ட முடியாது. ஸ்டார்ட்டர் கான்டாக்ட்டைப் பார்த்தாலே கெட்டிருப்பது தெரியும், கேசட் பின் பார்வைக்குப் பளபளவென்று இருந்துகொண்டே தொடாமல் இருக்கும்.

இந்த இடத்தில்தான் உங்கள் கை வருகிறது. கேசட்டை உருவி எடுக்கும்போது ஸ்லாட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் பின்கள் பட்டைகளின் மேல் அழுத்தி உரசுகின்றன. திரும்பச் செருகும்போது இன்னொரு முறை உரசுகின்றன. அந்த உரசலே படலத்தைச் சுரண்டிவிடும். அதோடு, முன்பு உட்கார்ந்த இடத்திலேயே மறுபடி உட்காராது, மயிரிழை தள்ளி, சுத்தமான இடத்தில் போய் உட்கார வாய்ப்பு உண்டு. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கட்டைவிரலால் உருட்டிவிடுகிறோமே, சிம் கார்டைக் கழற்றி மாட்டினால் சிக்னல் வருகிறதே, கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தினால் ராம் கார்டைப் பிடுங்கி ரப்பரால் தேய்த்து மாட்டுகிறார்களே, எல்லாம் இதே வேலைதான். ரிமோட் பேட்டரியை யாரும் ஊதுவதில்லை, ஆனாலும் ரிமோட் வேலை செய்கிறது.

அப்படியானால் ஊதுவதற்கு ஏன் பெயர் வந்தது? ஊதாமல் கழற்றி மாட்டிப் பார்த்தவர்கள் நம்மில் யாருமே இல்லை என்பதால்தான். கழற்று, ஊது, செருகு, இந்த மூன்றும் ஒரே மூச்சில் நடக்கும் ஒரே காரியம். பலன் வந்ததும் அந்த மூன்றில் பார்வைக்கு எது பெரிதாக இருந்ததோ அதற்குப் புகழ் போய்ச் சேர்ந்தது. ஓடாவிட்டால் சரியாக ஊதவில்லை என்று இன்னும் பலமாக ஊதினோம், அதாவது இன்னொரு முறை கழற்றி மாட்டினோம், அப்போது ஓடியது, நம்பிக்கை இன்னும் இறுகியது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948-ல் புறாக்களை வைத்து இதே மாதிரி ஒன்றைக் காட்டினார். பசித்த புறாவைக் கூண்டில் விட்டு, அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தானாகத் தீனி விழும்படி வைத்தார். தீனி விழுந்த நேரத்தில் ஒரு புறா தற்செயலாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அது சுற்றிக்கொண்டே இருக்கப் பழகிவிட்டது. இன்னொன்று தலையை ஒரு மூலைக்கு நீட்டிக்கொண்டே இருந்தது. எட்டுப் புறாவில் ஆறு இப்படி ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. புறா செய்ததற்கு வேறு விளக்கங்களும் பின்னால் வந்தன, ஆனால் கேசட் விஷயத்தில் நமக்கு நடந்ததற்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

போன பொங்கலுக்கு என் தங்கை மகன் வந்திருந்தான், பத்து வயது, கையில் எப்போதும் போன். அட்டாலியில் கிடந்த செட்டை இறக்கித் துடைத்து மாட்டிக் கொடுத்தேன். திரையில் சாம்பல் நிறம் மட்டும் வந்தது. கேசட் என்ற பொருளையே அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறான், நான் எதுவும் சொல்லவில்லை, என்ன செய்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உருவினான், அதன் வாயை உற்றுப் பார்த்தான், "உள்ள தூசு கெடக்குதுங் மாமா" என்றான், பூ என்று ஊதினான், செருகினான். மரியோ வந்துவிட்டது. "ஊதுனா ஓடுதுங் மாமா" என்று என்னிடமே சொல்லித் தருகிறான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இந்தப் பழக்கம் உலகம் முழுக்க எப்படி ஒரே மாதிரி முளைத்தது என்பதற்கு அதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. குழியில் அழுக்கு தெரிந்தால் மனிதன் ஊதுவான். சோற்றை ஊதுகிறோம், கண்ணில் தூசு விழுந்தால் ஊதுகிறோம், அடிபட்ட குழந்தையின் முழங்காலை ஊதுகிறோம்.

அவனிடம் அன்று ஒரு சோதனை செய்யச் சொன்னேன். அடுத்த பத்து முறை ஓடாதபோது ஐந்து முறை ஊதி மாட்டு, ஐந்து முறை ஊதாமல் மாட்டு, காலண்டர் பின்பக்கம் குறித்து வை என்றேன். ஊதாமல் மாட்டியபோதும் ஓடியது. இது பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை, ஒரே செட், ஒரே கேசட், ஒரு பையன். ஆனால் இரண்டு காரியத்தை ஒட்டிச் செய்கிறபோது எது வேலை செய்தது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்பது அவன் கைக்குப் புரிந்தது, அது போதும் எனக்கு.

இனி ஊதுவதால் வரும் கெடுதல். வாய்க்காற்று ஈரம் நிறைந்தது, குளிர்ந்த கண்ணாடியில் ஊதினால் பனி கட்டுகிறதே அதுதான் பின்களின் மேலும் கட்டும். பலமாக ஊதினால் எச்சில் துளியும் போகும், எச்சிலில் உப்பு இருக்கிறது. செம்பும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எவர்சில்வர் வருவதற்கு முந்தைய சமையலறையைப் பார்த்தவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, பச்சையாகக் களிம்பு ஏறும். நின்டெண்டோவே கேசட்டை ஊதாதீர்கள், வாயின் ஈரம் பின்களை அரிக்கும் என்று தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஈரம் பட்ட உடனே தொடுப்பு ஒரு நொடி நன்றாகிவிட்டது போலத் தோன்றவும் கூடும், ஆனால் அடுத்த மாதம் வரும் படலத்தை இன்றைக்கே விதைத்து வைக்கிறோம். ஊத ஊத இன்னும் அடிக்கடி ஊத வேண்டியிருந்தது நினைவிருக்கிறதா?

ஆனால் ஒரு விஷயத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊதுவது முழுக்க மூடநம்பிக்கை என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவது அவர்கள் வீட்டு மரத்தரைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் சரியாக இருக்கலாம். பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் பஞ்சு காற்றிலேயே மிதக்கும். எங்கள் கேசட் வாயில் ஒரு வாரத்தில் நூல் திரி மாதிரி பஞ்சு சேர்ந்திருக்கும், அதோடு செருகினால் ஸ்பிரிங் பின் அந்தப் பஞ்சை நசுக்கிக்கொண்டு அதன் மேல் உட்காரும், எத்தனை முறை உரசினாலும் தொடாது. அப்படிப்பட்ட பஞ்சை ஊதி வெளியேற்றுவது உண்மையாகவே பயன் உள்ள வேலை. எங்கள் ஊரில் மூச்சுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்றுதான் சொல்வேன், அதை வாயால் செய்யாமல் தறிக்கு வைத்திருக்கும் ஏர் பைப்பாலோ உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷாலோ செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கேசட் வைத்திருப்பவர்களுக்கு: உலர்ந்த பிரஷ்ஷால் பஞ்சைத் தட்டிவிட்டு, பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் பட்டைகளை மென்மையாகத் தேய்த்து, ரப்பர்த் துகளைத் துடைத்து, கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக் குச்சியால் ஒரு முறை துடைத்து, நன்றாக உலர விட்டுச் செருகுங்கள். ஜீரோ நம்பர் பேப்பர் (உப்புத்தாள்) வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட்டர் கான்டாக்ட்டுக்கு அது சரி, இதில் இருக்கும் பூச்சு அதற்குத் தாங்காது, பூச்சு போனால் கீழே செம்பு, செம்பு சீக்கிரம் கருக்கும். செட்டின் ஸ்லாட்டுக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள், சுத்தமான கேசட்டை நாலைந்து முறை செருகி எடுத்தாலே உள்பின்கள் சுத்தமாகும்.

இப்போது துப்பாக்கி. எனக்கு இதுதான் இரண்டில் அழகான பாதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

துப்பாக்கியிலிருந்து ஏதோ ஒரு கதிர் கிளம்பி டிவியில் பட்டு வாத்து விழுகிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்தோம். நடப்பது நேர் எதிர். துப்பாக்கி எதையும் அனுப்புவதில்லை, பார்க்கிறது. அதன் குழாய்க்குள் ஒரு லென்ஸ், லென்ஸுக்குப் பின்னால் ஒளி உணரும் சின்ன உறுப்பு ஒன்று. அதற்கு வாத்தும் தெரியாது மரமும் தெரியாது, எதிரே வெளிச்சமா இருட்டா என்ற ஒன்றுதான் தெரியும்.

விசையை அழுத்திய கணம் கேம் என்ன செய்கிறது என்றால், திரை முழுவதையும் ஒரு படச்சட்ட நேரத்துக்குக் கருப்பாக்குகிறது. நம் ஊர் டிவியில் வினாடிக்கு 50 முறை படம் மாறும், ஆகவே ஒரு சட்டம் 20 மில்லி வினாடி. அடுத்த சட்டத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். துப்பாக்கி முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் பார்த்தால் குறி சரி, வாத்து விழுகிறது. இரண்டு வாத்து பறந்தால் கருப்புக்கு அடுத்த சட்டத்தில் ஒன்றுக்குக் கட்டம், அதற்கடுத்த சட்டத்தில் இன்னொன்றுக்கு. வெளிச்சம் எந்தச் சட்டத்தில் வந்தது என்று பார்த்தாலே எந்த வாத்து என்று தெரிந்துவிடும். சுடும்போது திரை ஒரு நொடி பளிச்சென்று வெட்டும், அதைத் துப்பாக்கி வெடித்த வெளிச்சம் என்று நினைத்தோமே, கேள்வியும் பதிலும் நடந்த நேரம் அதுதான். முதலில் இருட்டு வருகிறதா என்று பார்ப்பதும் காரணமாகத்தான். டியூப் லைட் மாதிரி வேறு வெளிச்சத்தைப் பார்த்துச் சுட்டு ஏமாற்றுவதைத் தடுக்கும் முதல் காவல் அது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பழைய பிக்சர் டியூப் டிவி முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் காட்டுவதில்லை. ஒரு எலக்ட்ரான் கற்றை, தறியில் ஊடை போகிற மாதிரி, திரையின் மேலிருந்து கோடு கோடாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே கீழே வருகிறது. நம் ஊர் முறையில் வினாடிக்கு 15,625 கோடுகள். கற்றை பட்ட புள்ளி பளீரென்று எரிந்து உடனே மங்கிவிடும். ஆகவே வெள்ளைக் கட்டம் என்று நமக்குத் தெரிவது உண்மையில் வினாடிக்கு ஏறத்தாழ 15 ஆயிரம் முறை துடிக்கிற ஒளி. நின்டெண்டோ துப்பாக்கியின் உள்சுற்று அந்தத் துடிப்பு வேகத்துக்குச் சரியாக ட்யூன் செய்யப்பட்டது. குண்டு பல்பு, ஜன்னல் வெயில், அகல் விளக்கு, எதுவும் அந்த வேகத்தில் துடிக்காது, ஆகவே அவற்றை அது கண்டுகொள்ளாது, இது இரண்டாவது காவல்.

எல்இடி டிவிக்கு வாருங்கள். அங்கே கற்றையும் இல்லை, கோடு இழுப்பதும் இல்லை. பின்னால் விளக்கு சீராக எரிந்துகொண்டிருக்கிறது, முன்னால் படிகப் புள்ளிகள் திறந்து மூடுகின்றன. துப்பாக்கி தேடுகிற 15 ஆயிரம் துடிப்பு அதில் கிடையாது. போதாக்குறைக்கு இந்த டிவிகள் வந்த சிக்னலை வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, அப்புறம்தான் காட்டுகின்றன, அதற்குள் பல மில்லி வினாடி ஓடிவிடும். வெள்ளைக் கட்டம் திரைக்கு வந்து சேரும்போது கேம் பார்த்து முடித்து, குறி தப்பியது என்று முடிவும் எழுதியிருக்கும். மரியோ ஓடுவதற்கு அந்தத் தாமதம் தடையில்லை, கொஞ்சம் கை பிசகுவது போலத் தெரியும், பழகிக்கொள்ளலாம். துப்பாக்கிக்குப் பழகிக்கொள்ள வழியில்லை.

இந்த யோசனையின் வேர் இன்னும் பழையது. 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. 1970-ல் ஒரு பொம்மைத் துப்பாக்கி விற்றார்கள். அதில் துப்பாக்கி ஒளி வீசும், குறிப்பலகையில் சூரிய மின்கலம் இருக்கும், ஒளி பட்டதும் பலகை அசையும். குன்பெய் யோகோய் வடிவமைத்தது. ஷார்ப் நிறுவனத்தில் அந்த மின்கலங்களை விற்கிற வேலையில் இருந்த மசாயுகி உயேமுரா பிறகு நின்டெண்டோவுக்கே வந்து, ஃபேமிகாம் செட்டை வடிவமைத்தவர் ஆனார். வாத்து கேம் 1984-ல் வந்தபோது அந்தப் பொம்மையை அப்படியே தலைகீழாகத் திருப்பியிருந்தார்கள். டிவி எப்படியும் ஒளி வீசிக்கொண்டுதானே இருக்கிறது, அப்படியானால் கண்ணைத் துப்பாக்கியில் வைத்தால் போதும். மலிவான உறுப்பு ஒன்றும் சரியான நேரக்கணக்கும் சேர்ந்தால் இவ்வளவு பெரிய மாயத்தைச் செய்யலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம், போர்டு வேலைக்கு வந்தவன் என்ற முறையில் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

தப்பாகச் சுட்டால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்குமே அந்த நாய், அதைச் சுட முயலாத பிள்ளை நம் பக்கம் யாரும் இருக்க முடியாது. அதன் மேல் வெள்ளைக் கட்டமே வராது, ஆகவே துப்பாக்கியைப் பொறுத்தவரை அங்கே நாய் இல்லை. அதே கேமின் ஆர்கேடு (கடையில் காசு போட்டு ஆடும் மெஷின்) வடிவத்தில் போனஸ் சுற்றில் நாயைச் சுட முடியும் என்று பின்னாளில் தெரிந்தபோது என் தம்பிக்குத்தான் முதலில் போன் செய்தேன். இன்னொன்றும் அப்போது தெரியாமல் போனது. ஒரு வாத்து மட்டும் வரும் ஆட்டத்தில், ஒருவர் சுடும்போது இன்னொருவர் ஜாய்ஸ்டிக்கால் அந்த வாத்தைத் திருப்பிப் பறக்கவிடலாம். அது மட்டும் தெரிந்திருந்தால் எங்கள் வீட்டில் யார் முதலில் விளையாடுவது என்ற சண்டை பாதி குறைந்திருக்கும், மீதிப் பாதி புதிதாக வந்திருக்கும்.

எல்இடி டிவியிலேயே சுட வேண்டும் என்றால் இந்தப் பழைய துப்பாக்கியால் ஆகாது. இப்போது கேமரா வைத்த துப்பாக்கிகள் வந்திருக்கின்றன, திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டம் வரைந்து அதை வைத்துக் குறி எங்கே என்று கணக்குப் போடும், கம்ப்யூட்டரோடு இணைத்து விளையாட வேண்டும். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் துப்பாக்கியையே சுட வைக்க வேண்டும் என்பது ஆசை என்றால் ஒரு பிக்சர் டியூப் டிவி தேடுங்கள். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அதற்கும் முன்னால் அம்மாயி வீட்டு அட்டாலியைப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே கிடைக்கும். வாங்கும்போது நூறு ஹெர்ட்ஸ் என்று எழுதிய கடைசிக் கால மாடல்களைத் தவிர்த்துவிடுங்கள், அவை படத்தை உள்ளே சேர்த்து வைத்து இரண்டு மடங்கு வேகத்தில் காட்டுபவை, துப்பாக்கிக் கணக்கு அதிலும் குழம்பும். சாதாரண 14 இஞ்ச், 21 இஞ்ச் போதும். ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், பின்மூடியைத் திறக்காதீர்கள். டியூபின் மேல் ரப்பர்க் குப்பி மாதிரி ஒட்டியிருக்கும் இடத்தில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கக் கூடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

எங்கள் செட்டும் துப்பாக்கியும் இப்போது குடோனை ஒட்டிய பழைய கணக்கு அறையில், அப்புச்சி வீட்டிலிருந்து கொண்டுவந்த 21 இஞ்ச் டிவியில் ஓடுகின்றன. தங்கை மகன் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் போடுவோம். அன்றைக்குத்தான் தறி நிற்கும், வோல்டேஜ் ஏறி இறங்காமல் இருக்கும், பஞ்சும் அடங்கியிருக்கும். கேசட்டைக் கழற்றியதும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்துவிடுகிறான்.